குதிகாலில் தெரிந்த தவளை

எனக்கு எழுபத்தொன்பது வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன், ஒன்றும் சோடை போகவில்லை. தமிழ் எழுத்து சர்ச்சில் கற்றது. இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் செகந்திராபாத்தில் பெண்கள் கல்லூரி ஒன்றின் விலங்கியல் பிரிவில் ஆயாவாக இருந்து, தலைநிமிர்ந்து ஓய்வு பெற்றேன்.

அங்கே மாணவிகள் அறுத்துப் படிக்க வாரம் ஒரு சாக்குத் தவளை வரும். பெரிய புரொபசருக்கு டைக்ரினா என்கிற ஜாதிதான் வேண்டும். கிராஸா என்று இன்னொன்று கலந்து வரும். பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. பொறுக்குவது என் வேலை. தொட்டியில் விட்டால் கிராஸா பின்னங்காலால் மண்ணைத் தோண்டி, பின்பக்கமாகவே உள்ளே இறங்கிவிடும். அதற்காகவே அதன் குதிகாலில், உள்பக்கம், மண்வெட்டி முனை மாதிரி கெட்டியான ஒரு மேடு உண்டு. டைக்ரினாவுக்கு அது சின்னது, மொண்ணையானது. கட்டைவிரலை வைத்தாலே தெரிந்துவிடும்.

அப்போது நான்காவது பிள்ளை கைக்குழந்தை. என் வீட்டுக்காரருக்கு சனத்நகர் ஃபேக்டரியில் வேலை நின்று ஆறு மாதம் ஆகியிருந்தது. செய்முறைத் தேர்வு முடிந்ததும் என் வேலையை நிரந்தரமாக்கிப் பிரின்சிபால் கையெழுத்துப் போடுவதாக இருந்தது.

தேர்வன்று காலை, மருந்துத் தண்ணீரில் தவளை போட்ட ஆறு பாட்டில்கள் மேலும் ஒரே தூசி. வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் என்ன நினைப்பார்? சோடா உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் தவளை ஜாதியை எழுதி ஒட்டியிருந்த ஆறு சீட்டும் மிதக்கின்றன.

பெரிய புரொபசர் உடம்பு சரியில்லாமல் லீவில் இருந்தார். மெட்ராஸிலிருந்து புதிதாக வந்த மேடம்தான் பொறுப்பு.

"யாரு கழுவச் சொன்னா ஆயா?"

"யாரும் சொல்லல மேடம். அழுக்கப் பாத்துட்டு சும்மா இருக்க எனக்கு வராது."

"பிரின்சிபாலுக்குத் தெரிஞ்சா கையெழுத்து போடுவாங்களா?"

மருந்தில் ஊறி நிறமெல்லாம் போய் ஆறும் ஒரே வெளுப்பு. மேடம் பெரிய மூன்றை டைக்ரினா, சின்ன மூன்றை கிராஸா என்று பிரித்துவிட்டுப் பசையை எடுத்தார்.

"நக்கோ மேடம், ஒட்டாதீங்க. அந்தக் கடைசிப் பெருசு கிராஸா. இந்தச் சின்னது டைக்ரினா, குட்டி."

"இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. தவளைக்கும் தெரியாது."

நான் மூடியைத் திறந்து, அந்தப் பெரிய தவளையின் காலைப் பிடித்து, அவர் விரலைக் குதிகாலில் வைத்து அழுத்தினேன். பிறகு குட்டியின் காலில் வைத்தேன். மேடம் இரண்டு சீட்டையும் மாற்றி ஒட்டினார்.

தேர்வாளர் நேராக அந்தக் கடைசிப் பாட்டிலைத்தான் எடுத்தார். இடுக்கியால் தவளையைப் புரட்டிக் காலைப் பார்த்தார். நான் துடைப்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

"சீட்டு ஒட்டினது யாரு?" என்று கேட்டார்.

"ஒட்டினது நான். கண்டுபிடிச்சது எங்க ஆயா சார்," என்றார் மேடம்.

"இவ்வளவு பெரிய கிராஸாவ எல்லாரும் டைக்ரினான்னுதான் ஒட்டுவாங்க. இங்கதான் கால பாத்திருக்காங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

வராந்தாவில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். மேடம் ஒரு டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார். "இனிமே துணியால துடைங்க ஆயா, போதும்," என்றார். அந்த மாதமே கையெழுத்து விழுந்தது. அன்று வீட்டில் பெரியது மூன்றும் வயிறாரச் சாப்பிட்டதை, கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்தா பாப்பா, என் பேத்திகளில் சர்ச் வகுப்பில் தமிழ் படித்தவள் நீதானே. முதலிலிருந்து வாசித்துக் காட்டு. எல்லா இடத்திலும் குதிகால் என்றுதான் எழுதியிருக்கிறேனா, எங்காவது கணுக்கால் என்று எழுதிவிட்டேனா என்று பார்த்துச் சொல்.