வாய் திறக்கக் கூடாத வசூல்

எங்கள் அத்தை நடவு வயலில் நின்று யாரையாவது கூப்பிட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அதற்கு நேர் எதிர். வீட்டுக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். எங்கள் இருவரையும் ஒரு நாள் மன்னார்குடிக் கடைத்தெருவுக்கு உண்டியல் வசூலுக்கு அனுப்பினார்கள். அன்றைக்குத் திண்டாடியது நான் இல்லை.

அறுவடைக் கூலியை உயர்த்தித் தரச் சொல்லி ஊரில் வேலை நிறுத்தம் நடந்தது. அப்பாவையும், அத்தையின் கணவரான மாமாவையும் பிடித்துத் திருச்சி ஜெயிலில் வைத்திருந்தார்கள். நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் தெருமுனையில் கஞ்சித் தொட்டி திறந்திருந்தார்கள். எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் சாப்பாடு. பத்து நாளில் அரிசி தீரும் நிலைக்கு வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு கரண்டி, அதுவும் தண்ணீராக.

டவுனில் வசூல் செய்யக் காவல் நிலையத்தில் அனுமதி கேட்டதற்கு, ஒரு தாள் நிறைய நிபந்தனை எழுதிக் கொடுத்தார்கள். உண்டியல் மூடியில் காகிதம் ஒட்டி முத்திரை வைக்க வேண்டும். ஓர் உண்டியலுக்கு இரண்டு பேர். கோஷம் கூடாது, குலுக்கக் கூடாது, வாய்விட்டுக் கேட்கக் கூடாது, யாரோடும் வாக்குவாதம் கூடாது. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதினால் நிறுத்திவிட வேண்டும். ஒன்றை மீறினாலும் உண்டியல் பறிமுதல். சங்கத்து ஆண்களில் பாதிப் பேர் ஜெயிலில் இருந்ததால் அத்தைக்கு இரண்டாவது ஆளாக நான் கிடைத்தேன்.

"ஒனக்காகவே எழுதுன சட்டம்டி இது. நீ வாயத் தொறந்து யாரு பாத்தா?" என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள்.

கடைத்தெருவில் கால் வைத்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. பின்னால் ஒரு கான்ஸ்டபிள் நடந்து வந்தார். அத்தை உண்டியலை இரண்டு கையாலும் ஏந்தியபடி நடந்தாள். காசு போட்டவர்களுக்கெல்லாம் ஒரு கும்பிடு. தெரிந்தவர்களைப் பார்க்கும்போது உதடு மட்டும் தானாக அசையும். உடனே கடித்துக்கொள்வாள்.

டீக்கடை வாசலில் எங்கள் ஊர்ப் பண்ணையின் காரியக்காரர் உட்கார்ந்திருந்தார். ஒரு வாரம் முன்புதான் களத்து மேட்டில் அத்தை பேசிய பேச்சில் அவர் செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பிப் போயிருந்தார்.

"என்னம்மா, அன்னைக்கு அந்தப் போடு போட்டே. இப்ப வாய்ல கொழுக்கட்டையா?"

அத்தை உண்டியலை அவர் பக்கம் ஒரு சாண் நீட்டினாள்.

"ஒம்புருசன் உள்ள குந்திக்கிட்டு சர்க்கார் சோறு திங்கிறான். நீ தெருத்தெருவா ஏந்துறே. நல்ல குடும்பம்டி!"

கடையில் யாரோ சிரித்தார்கள். நான் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கை நடுங்கியதில் உள்ளே கிடந்த சில்லறை சத்தம் போட்டது. கான்ஸ்டபிள் உண்டியலையே பார்த்தார். அத்தை கையை இறுக்கிக்கொண்டு இன்னும் ஒரு சாண் நீட்டினாள். உண்டியல் காரியக்காரரின் சட்டைப் பொத்தானைத் தொட்டது.

கறுப்பு சிவப்புக் கரை வேட்டி கட்டிய டீக்கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஏதாச்சும் போட்டுட்டுப் பேசுங்கண்ணே. அந்தம்மா பதில் சொன்னா டப்பாவப் புடுங்கிருவாங்க. அது தெரிஞ்ச தைரியத்துலதான பேசுறீங்க?"

இப்போது கடையே சிரித்தது. காரியக்காரர் பையைத் துழாவி ஒரு காசைப் போட்டுவிட்டு எழுந்தார். அத்தை உண்டியலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மற்றவர்களுக்குச் செய்தது போலவே அவருக்கும் கை கூப்பினாள்.

எனக்கு அதுதான் தாங்கவில்லை. அப்பாவைக் காட்டிக் கொடுத்த ஆள் என்று ஊரே சொன்ன மனிதர் அவர். அத்தை பயந்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன்.

சங்கு ஊதியதும் காவல் நிலையத்தில் முத்திரையை உடைத்தார்கள். சங்கத்து ஆள் ஒருவர் அரிசி வாங்கி சைக்கிளில் கட்டிக்கொண்டு முன்னால் போனார். அத்தை பாமணி ஆற்றில் இறங்கி வெகுநேரம் முகம் கழுவினாள். அவள் முதுகு குலுங்கியது. கரையேறி வந்து, "பசிக்குதாடி?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. என் வழக்கமான கூச்சம் என்று நினைத்திருப்பாள். கோபம் என்று அவளுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் கஞ்சி கெட்டியாக இருந்தது. நான் இரண்டாவது முறையும் தட்டை நீட்டினேன். ஊற்றியது அத்தைதான். முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கி, கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.