பரோலோவும் பனங்கட்டியும்

எண்பத்தாறோ எண்பத்தேழோ, சரியாக நினைவில்லை. நாங்கள் பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் குடியிருந்தோம். பக்கத்து மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில் தனியாக இருந்த ஒரு இத்தாலியக் கிழவருடைய வீட்டைத் துப்புரவாக்குவது என் காலை வேலை. அந்தக் குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் அவருக்கு மணமும் ருசியும் தெரியாமல் செய்துவிட்டுப் போயிருந்தது. பால் பழுதாகிவிட்டதா, மீன் நாறுகிறதா என்று என்னைத்தான் மணந்து பார்க்கச் சொல்வார். நான் சொன்னால் அதுதான் தீர்ப்பு. அந்த மதிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் அவர் அலமாரியின் அடியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். பரோலோ. இத்தாலியின் வடக்கே மலைப்பக்கம் விளையும் சிவப்பு வைன். அதைச் செய்தவர் அவருடைய தம்பி. பதினைந்து வருடம் கழித்துத் திறந்து பார், அப்போது என் கைப்பக்குவம் தெரியும் என்று தம்பி சொன்னாராம். இவர் சிரித்தாராம். தம்பி இப்போது இல்லை, அன்றைக்கு அவருடைய நினைவு நாள். மிஞ்சியிருந்தது அந்த ஒரு போத்தல்தான். தம்பி சொன்னது உண்மையா என்று அவருக்குத் தெரியவேண்டும், அதற்கு என் நாக்கு வேண்டும்.

நான் அதுவரை மதுவை வாயில் வைத்ததில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

என்ன மணக்கும் என்று பொறுமையாகச் சொல்லித் தந்தார். காய்ந்த ரோசாப்பூ, செர்ரிப்பழம், கொஞ்சம் தார். தார் மணக்கிறதை மனிதர் ஆசையாகக் குடிப்பார்களா என்று நினைத்துக்கொண்டேன். நாக்கை இறுக்கிப் பிடிக்கும், பயப்படாதே, நெடுநேரம் வேகவைத்த மாட்டிறைச்சியோ பழைய சீஸோ சேர்த்தால் அடங்கிவிடும் என்றார். நான் மாடு சாப்பிடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். அதனால் கட்டிச் சீஸில் ஒரு துண்டு வெட்டி வைத்தார். அதன் வாடைக்கே எனக்குக் குமட்டியது.

அவர் கிளாஸ் எடுக்கத் திரும்பினார். என் கைப்பையில் ஊரிலிருந்து வந்த பனங்கட்டி, பனைவெல்லம், எப்போதும் இருக்கும். எங்கள் ஆட்கள் தேத்தண்ணியைப் பனங்கட்டி கடித்துக்கொண்டுதான் குடிப்பார்கள். கசாயத்துக்கும் அதே வழிதான். ஒரு துண்டைக் கன்னத்துக் கொடுப்புக்குள் அடக்கிக்கொண்டேன். அவர் ஊற்றித் தந்ததைக் கண்ணை மூடி ஒரு வாய் குடித்தேன்.

பொல்லாத புளிப்பு. அதற்கு மேலே கைப்பு. என் முகம் கோணியதை அவர் பார்த்துவிட்டார். கெட்டுவிட்டதா என்று கேட்டார். ஓம், பழுது என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்.

"என் தம்பி எப்போதும் வாய்வீச்சுக்காரன்தான்" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. போத்தலைத் தொட்டிக்குள் ஊற்றிவிடச் சொல்லிவிட்டு எழுந்து படுக்கையறைக்குப் போனார்.

ஊற்றினேன். வாயைக் கொப்பளித்தேன். சாப்பாட்டை எறிய மனமில்லாமல் அந்தச் சீஸை மூச்சைப் பிடித்து விழுங்கினேன். அதன் வாடை வாயைவிட்டுப் போகட்டும் என்று கிளாஸில் மிஞ்சியிருந்த வைனைக் குடித்தேன். இப்போது அது துவர்த்தது, நல்ல நாவற்பழம் துவர்ப்பதுபோல. பிறகு மெல்லப் பூவாசம் வந்தது. அவர் சொன்ன தார்கூட இருந்தது. போத்தல் காலி.

இனிப்பின் மேல் குடித்தால் எந்த நல்ல சிவப்பு வைனும் புளித்துக் கைக்கும் என்று பின்னாளில் ஒரு உணவகச் சமையலறையில் கேள்விப்பட்டேன். என் நாக்குக்கு அது அன்றைக்கே விளங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொல்லி அழுதேன்.

"வைன்தானே, விடும். அங்கை கடையிலை ஒண்டு வாங்கிக் குடுப்பம்" என்றார்.

அந்தத் தம்பியின் கையால் செய்ததை எந்தக் கடையில் வாங்குவது?

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அங்கே வேலை செய்தேன். யாராவது வந்தால் கிழவர் தம்பியின் வைன் கதையைச் சொல்வார். இவள் குடித்துப் பார்த்தாள், கேளுங்கள் என்று என்னைக் காட்டுவார். நான் தலையாட்டுவேன். வைன் நன்றாகத்தான் இருந்தது, பிழை என்னுடையது. அதைச் சொல்லத் தேவையான பிரெஞ்சு எனக்கு அப்போதே தெரியும்.