நாற்பத்தோராவது எட்டு

ஓரிடத்தில் உட்காராத பிள்ளை நான். இன்றும் அப்படித்தான், ஒரு வாக்கியம் முடிவதற்குள் இரண்டு முறை எழுந்து ஜன்னல்வரை போய்விட்டு வருகிறேன். கிள்ளானில் எங்கள் வீட்டார் என் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்பார்கள். அந்தக் கால்களால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் சித்தியின் எதிர்காலம் ஏறக்குறையக் கவிழப் பார்த்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

சித்தி, அம்மாவின் தங்கை, இசை எழுதுகிறவள். பாடுகிறவள் இல்லை, மேடையில் வாசிக்கிறவளும் இல்லை, எழுதுகிறவள். இதைச் சொந்தக்காரர்களுக்கு விளங்கவைக்க முடியாமல் அம்மா "பியானோ டீச்சர்" என்று சொல்லிச் சமாளிப்பாள். அதுவும் பொய்யில்லை. பெட்டாலிங் ஜெயாவில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, சமையல் மேசையில் ஐந்து கோட்டுத் தாளை விரித்துக்கொள்வாள்.

தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தேவாலயத்துப் பாட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தோடு இசை முடிந்துவிடுகிறது என்று நம்பியவர். மகளுக்கு அவர் வைத்த கெடு ஒன்றே ஒன்று: பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் ஒரு கச்சேரி. அது தேறாவிட்டால் ஜனவரியில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. அதற்கான விண்ணப்பப் பாரத்தை அவரே நீல மையில் நிரப்பி, மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். சித்தியின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

சித்தி எழுதியிருந்தது இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ, கூடவே மூன்று உருமி மேளத்துக்கு.

"கோயில் மேளத்தையும் வயலினையும் ஒரே எடத்துல கட்டிப்போட்டா ஒண்ண ஒண்ணு முட்டும்மா," என்றார் தாத்தா.

ஒத்திகையில் முட்டத்தான் செய்தது. உருமிக் குழுவின் தலைவர் செலாயாங் சந்தைக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவர். நாங்கள் லோரி அண்ணன் என்போம். சித்தி கையை உயர்த்தி எண்ணினாள். நரம்பு வாத்தியக்காரர்கள் நால்வரும் அந்தக் கையோடு போனார்கள். உருமிகள் வேறெங்கோ போயின. ஏழாவது தடவை அண்ணன் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"தங்கச்சி, கையப் பாத்து அடிச்சுப் பழக்கமில்ல லா. எங்களுக்குக் கால் வேணும்."

"எந்தக் கால் அண்ணே?"

"காவடி எடுக்கிறவன் கால். அவன் எட்டு வெச்சா அடிப்போம், நின்னா நிப்போம். ஒங்க தாள்ல கால் எங்க இருக்கு?"

சித்தி தாளைப் பார்த்தாள். பிறகு, வாயில் கறிபாப்போடு அறையைக் குறுக்கும் நெடுக்கும் அளந்துகொண்டிருந்த என்னைப் பார்த்தாள். அண்ணனும் பார்த்தார். "இந்தப் பாப்பா நடக்கட்டுமே," என்றார்.

நடந்தேன். என் குதிகால் பட்ட இடத்தில் உருமி முனகியது. விரல் ஊன்றிய இடத்தில் அதிர்ந்தது. சும்மா இரு, சும்மா இரு என்று மட்டுமே கேட்டு வளர்ந்த கால்களுக்கு முதன்முறையாக யாரோ பதில் சொன்னார்கள்.

சித்தி முழுவதையும் மாற்றி எழுதினாள். மண்டபத்தின் பின்வாசலிலிருந்து மேடைவரை நான் நடக்கவேண்டும், அறுபத்துநான்கு எட்டு. உருமி என் காலைப் பார்க்கும். நரம்புகள் உருமியைக் கேட்கும். கை காட்ட யாரும் இல்லை.

அம்மா எனக்கு வெள்ளைச் சப்பாத்து வாங்கினாள், ஓர் அளவு பெரிதாக. எங்கள் வீட்டில் எந்தச் சப்பாத்தும் இந்த வருடத்துக் காலுக்கு வாங்கப்பட்டதில்லை, அடுத்த வருடத்துக் காலுக்குத்தான். முனையில் பஞ்சு அடைத்துக் கொடுத்தாள்.

நாற்பது எட்டு நன்றாகப் போயின. நாற்பத்தோராவதில் கால் முன்னே வந்தது. இடது சப்பாத்து பின்னால் தங்கிவிட்டது.

நின்றேன். உருமி நின்றது. வயலின்கள் நின்றன. மின்விசிறி மட்டும் சுற்றியது. வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போய்த் தேய்ந்தது. மேடையோரம் நின்ற சித்தி, பழக்கத்தில் கையைப் பாதி உயர்த்திவிட்டாள். நான் நின்ற இடத்தை ஒட்டிய இருக்கையில் தாத்தா. அவர் சட்டைப் பையில் அந்தப் பாரத்தின் வெள்ளை விளிம்பு. எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். குனிந்து மாட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது. வலது சப்பாத்தையும் உதறிவிட்டு, வெறுங்காலைத் தரையில் வைத்தேன்.

"ஆங்!" என்று கத்தினார் லோரி அண்ணன்.

அதன்பிறகு அது நடையில்லை. சிமெண்டின் குளிர்ச்சி உச்சந்தலைவரை ஏற, நான் துள்ள, உருமி துள்ள, வயலின்கள் மூச்சிரைக்கத் துரத்த, இருபத்துமூன்று எட்டையும் எரித்துக்கொண்டு மேடைக்குத் தாவினேன். ஏழு பேரும் ஒரே நொடியில் முடித்தார்கள். நாற்காலிகள் கிரீச்சிட மண்டபமே எழுந்தது. தட்டினார்கள், தட்டினார்கள்.

சிங்கப்பூரில் இசைவிழா நடத்துகிற ஓர் அம்மையார் வந்திருந்தார். அவர் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, நடுவில் அந்த மௌனத்தை எத்தனை எண்ணிக்கைக்கு எழுதினாய் என்று கேட்டார். சித்தி கண்ணிமைக்காமல் சொன்னாள்: "எண்ணிக்கை இல்லை. பிள்ளை சப்பாத்தைக் கழற்றும்வரை." அடுத்த ஆண்டு விழாவுக்கு அங்கேயே அழைப்பு வந்தது. நான் பார்க்காத ஊர்களிலெல்லாம் இன்று அதை வாசிக்கிறார்கள். அச்சான இசைத்தாளில் நாற்பத்தோராவது எட்டுக்கு மேல் ஒரு குறிப்பு இருக்கிறது: குழந்தைக்கு ஓர் அளவு பெரிய சப்பாத்து அணிவிக்கவும்.

அன்றைக்கு என் சப்பாத்துகளைப் பொறுக்கிக்கொண்டவர் தாத்தா. கச்சேரி முடியும்வரை மடியில் வைத்திருந்தார், வீடுவரை அவரே தூக்கிவந்தார். அடி நிச்சயம் என்று இருந்தேன்.

அடுத்த ஞாயிறு தேவாலயத்துக்குக் கிளம்பும்போது சப்பாத்து காலில் கச்சிதமாக நின்றது. ஆனால் இடது கால் விரலில் ஏதோ குத்தியது. கழற்றிப் பார்த்தேன். பஞ்சைக் காணோம்; அந்த இடத்தில் இறுக்கமாக மடித்த ஒரு தாள். ஓரத்தில் நீல மை தெரிந்தது.

"குத்துது தாத்தா."

"நட. பழகிடும்."

தாத்தாவுக்குப் பஞ்சு கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.