மெழுகும் தேங்காய் எண்ணெயும்

சரசாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று அண்ணனூரில் நாங்கள் எல்லோரும் சொல்லுவோம். அயனம்பாக்கம் ஏரிக்கரைத் தெருக்களைப் பெருக்குகிற வேலை அவளுக்கு. மழைக்காலத்தில் ஏரியிலிருந்து சாரைப்பாம்பு ஏறி வந்து அபார்ட்மெண்ட் கேட்டில் சுருண்டு கிடக்கும். பால்கனியில் நின்று கத்துகிறவர்கள் கத்திக்கொண்டே இருக்க, அவள் துடைப்பத்தால் அதைத் தூக்கிப் புதரில் விட்டுவிட்டு அடுத்த வாசலைப் பெருக்கப் போய்விடுவாள். காரில் உட்கார்ந்தபடியே குப்பைப் பையை வீசுகிற கனவான்களின் வண்டியை மறித்து, "இன்னா சார், படிச்சவரு தானே? எறங்கி வந்து எட்த்துப் போடு சார்" என்பாள். அவர்களும் இறங்கி எடுப்பார்கள். எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

அவள் புருஷன் கங்காதரன், எங்கள் ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் மாஸ்டர். நான் தினமும் ரயிலுக்கு முன்னால் அவர் கையால் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போவேன். கொதிக்கிற வெந்நீருக்குள் கையை விட்டுக் கிளாஸ்களை அள்ளி எடுப்பார். பால் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டுகிற ஆடையைச் சுண்டு விரலால் வழித்து எறிவார். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. ரயில் ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் புதிதாக வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து இதைக் காட்டுவார்கள். "மாஸ்டர் கை இரும்புக் கை" என்போம். அவரும் பெருமையாகச் சிரித்துக்கொள்வார்.

போன மார்கழியில் சரசாவின் கை வெடிக்க ஆரம்பித்தது. கொசு அதிகமாகிவிட்டது என்று கால்வாய் ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவச் சொன்னார்கள். கையுறை கொடுத்தார்கள், கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பயில்வானுக்குத் தைத்தது போல அது அவள் விரலிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. அளவு கேட்டுக் கொடுத்தால் குடி முழுகிப் போய்விடுமா? அவள் அதைச் சுருட்டி வண்டியில் போட்டுவிட்டு வெறும் கையால் தூவினாள். வீட்டுக்கு வந்ததும் அந்த நெடி போக வேண்டுமே என்று துணி துவைக்கிற சோப்புத் தூளைப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அதற்கு மேல் ஏரிக்காற்று. முதலில் கட்டை விரல் ஓரம் கீறியது. பிறகு உள்ளங்கை ரேகையெல்லாம் பிளந்து, துடைப்பத்தை இறுக்கினால் ரத்தம் கசிந்தது.

அவளோடு பேட்டரி வண்டி ஓட்டுகிற வேம்புலிதான் முதலில் அந்த வார்த்தையைச் சொன்னான்.

"எக்கா, இத்தப் பார்த்தா சும்மா வெடிப்பு மாரி தெரியல. எங்க தெருவுல ஒருத்தருக்கு இப்டித்தான் வந்துச்சி. அப்பால தொட்டாகூடத் தெரியாம பூட்ச்சி."

"இன்னாடா சொல்ற?"

"பெரிய வியாதிக்கா. வெரலெல்லாம்…" என்று அவன் தன் விரல்களை மடக்கிக் காட்டினான்.

தொழுநோயைத்தான் சொன்னான். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது மாதிரி சொல்லிவிட்டு, அடுத்த தெரு திரும்புவதற்குள் அவன் அதை மறந்தும் போனான். சரசா மறக்கவில்லை. யாரும் இல்லாத ஒரு சந்தில் நின்று, தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, விரல்களுக்குக் கீழே உள்ளங்கை மேட்டில் குத்திப் பார்த்தாள். ஊக்கு உள்ளே போனது. வலிக்கவில்லை.

அதற்குப் பக்கத்திலேயே வெடிப்பு தீயாய் எரிந்துகொண்டிருந்தது. அதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. பயந்த மனசு தனக்கு வேண்டியதை மட்டும்தான் பொறுக்கும். ஆவடி மேம்பாலத்துக்கு அடியில் கைகளில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளை அவள் பார்த்திருக்கிறாள். அந்த அம்மாளுக்கும் ஒரு பெண் இருந்திருக்கும், அந்தப் பெண் எங்கே போனாள் என்று அன்றைக்கு முழுக்க யோசித்தபடியே பெருக்கினாள். சரசாவுக்கும் ஒரே பெண். பவ்யா நாலாவது படிக்கிறாள். தன்னிடமிருந்து அந்தக் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள், இல்லையென்றால் தானே பிரிந்து போக வேண்டியிருக்கும். இந்த இரண்டைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. தனக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் எடுத்து ஜன்னல் ஓரம் வைத்துக்கொண்டாள். சாதம் பிசைந்து ஊட்டுவதை நிறுத்தினாள். பாயைக் கதவோரம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். பவ்யாவுக்கு இரட்டைச் சடை பின்னுவது அவள்தான். "கை எரியுது, உங்க நைனாவாண்ட போ" என்று அதையும் தள்ளிவிட்டாள். டீக்கடைக்காரர் பின்னிய சடை எப்படி இருக்கும்? ஒரு பக்கம் காதுக்கு மேலேயும் ஒரு பக்கம் தோளுக்குக் கீழேயுமாகத் தொங்க, குழந்தை அப்படியே ஸ்கூலுக்குப் போனது.

அந்தச் சமயத்தில்தான் சுகாதார ஊழியர் ஒரு பெண் வீடு வீடாக வந்தாள். "உடம்புல தேமல், தொட்டா உணர்ச்சி தெரியாத இடம், அப்படி யாருக்காவது இருக்காக்கா? வீட்ல யார் யார் இருக்கீங்க?" என்று கேட்டாள்.

சரசா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. மூணு பேரும் நல்லாத்தான் கீறோம்."

அந்தப் பெண் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு குறி போட்டுவிட்டுப் போனாள். அவள் தெருமுனை தாண்டும் வரைக்கும் சரசா கையை முன்னால் கொண்டுவரவில்லை.

கையை எத்தனை நாள்தான் மறைக்க முடியும்? ஒரு சாயங்காலம் கங்காதரன் பார்த்துவிட்டார். "இன்னாமே இது, ரோடு மாரி பேந்து கீது!" என்று பதறினார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. பாதி எரிந்த மெழுகுவத்தியை உடைத்துக் குழிக்கரண்டியில் போட்டு, தேங்காய் எண்ணெய் ஊற்றி, அடுப்பில் உருக்கினார். பெண்டாட்டிக்கு மருந்து போடுகிற புருஷன் எங்கள் தெருவில் குறைவு, அதையும் சொல்லிவிட வேண்டும். பதம் பார்க்கச் சுண்டு விரலைக் கரண்டிக்குள் விட்டு எடுத்தார்.

"சூடெல்லாம் இல்ல. வெதுவெதுன்னுதான் கீது. நீட்டு கைய."

ஊற்றியதும் சரசா வீறிட்டாள். கையை உதறிக்கொண்டு தண்ணீர்க் குடத்துக்கு ஓடினாள்.

"பாம்ப தூக்கிப் போட்றவ எண்ணெய்க்கு இப்டிக் கத்துறியே" என்று சிரித்தார் கங்காதரன். வெடிப்பில் பட்டதால் அப்படி எரிகிறது என்று அவளும் நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் அவள் உள்ளங்கையில் பெரிய கொப்புளம் எழும்பி நின்றது. கை அழுக ஆரம்பித்துவிட்டது என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். கங்காதரனின் சுண்டு விரலிலும் ஒரு கொப்புளம் இருந்தது. அதை யார் பார்த்தார்கள்? டீ மாஸ்டர் கையில் கொப்புளம் எப்போதும் இருக்கும்.

அன்றைக்கு பவ்யா ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். போகவில்லை.

"எம்மா, நான் இன்னா பண்ணேன்? ஏன் என்னத் தொடவே மாட்டேங்கிற?"

சரசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தை போனதும் கங்காதரனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். வேம்புலி சொன்னது, ஊழியரிடம் பொய் சொன்னது, ஜன்னலோர டம்ளர், எல்லாம். அதோடு நிற்காமல் ஊக்கைக் கழற்றி அவர் கண் முன்னாலேயே உள்ளங்கை மேட்டில் குத்திக் காட்டினாள்.

"பாருய்யா. வலிக்கவேயில்ல."

கங்காதரன் ஊக்கைப் பிடுங்கி, தன் சுண்டு விரலில் அழுத்திக் குத்தினார். ரத்தம் முத்தாக எழும்பியது. அவர் முகம் மாறவில்லை.

"எனுக்குந்தான் வலிக்கல. ஒழைக்கிற கைக்கு வலி தெரியாதுமே. இதுக்குப் போயி அழுவுற."

அதைக் கேட்டதும் சரசாவுக்கு மூச்சு வந்தது. அவருக்கும் அப்படித்தானே, அவர் நன்றாகத்தானே இருக்கிறார் என்று மனசு கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் பயம் முழுசாகப் போகவில்லை. "எதுக்கும் டாக்டராண்ட காட்டிடலாம், நானும் வர்றேன்" என்று அவர் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தார். அவர் வந்தது பெண்டாட்டிக்குத் துணையாக.

அரசு சுகாதார நிலையத்தில் இஃபத் என்று ஒரு சின்ன வயது டாக்டரம்மா இருந்தார். பூந்தமல்லிக்காரர். சரசா முக்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். டாக்டரம்மா அவள் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சாலும் பேனா நுனியாலும் அங்கங்கே தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். சரசா ஒவ்வொன்றையும் சரியாகக் காட்டினாள். காய்த்துப்போன மேட்டில் மட்டும் கொஞ்சம் யோசித்தாள்.

"வெடிப்பு எரியுதா?"

"உசுரே போவுது டாக்டரம்மா."

"அப்ப நரம்பு நல்லா இருக்கு. நீங்க பயப்படற நோய் உங்களுக்கு இல்ல. இது காய்ப்பும்மா. காய்ச்ச தோல்ல ஊசி குத்தினா தெரியாது."

சரசா வாய்விட்டு அழுதாள். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மா அவள் அழுது முடிக்கிற வரை காத்திருந்து, பிறகு சொன்னார். பிளீச்சிங் பவுடரை வெறும் கையால் தொடக் கூடாது. உள்ளே ஒரு துணிக் கையுறை, அதற்கு மேல் ரப்பர் கையுறை, அதுவும் உங்கள் கை அளவில் கேட்டு வாங்குங்கள். சோப்புத் தூள் கைக்கு ஆகவே ஆகாது. குளிக்கிற சோப்புப் போட்டுக் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரம் முழுசாகக் காய்வதற்குள் வாசலைன் தடவ வேண்டும். படுக்கும்போது நிறையத் தடவி, பழைய பருத்தி சாக்ஸைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். ஆழமான வெடிப்புக்கு மட்டும் இந்தக் களிம்பு.

சொல்லிக்கொண்டே வந்தவர் உள்ளங்கையில் நிறுத்தினார். "இது வெடிப்பு இல்லையே. சுட்ட காயம். எப்படி ஆச்சு?"

"இவுருதான் மெழுகும் எண்ணெயும் காச்சி ஊத்துனாரு. வெரல உட்டுப் பாத்துட்டுத்தான் ஊத்துனாரு டாக்டரம்மா, அவுரு மேல தப்பு இல்ல."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "எந்த விரல்?"

கங்காதரன் சிரித்துக்கொண்டே சுண்டு விரலைக் காட்டினார். கொப்புளம் உடைந்து, பக்கத்தில் ஊக்குக் குத்திய இடம் கறுத்திருந்தது.

"நீங்க இங்க உக்காருங்க. கண்ண மூடுங்க. நான் தொடறப்ப எல்லாம் சொல்லுங்க."

கட்டை விரலில் தொட்டார். "ஆங்" என்றார் கங்காதரன். ஆள்காட்டி விரலில் தொட்டார். "ஆங்." பிறகு பேனா நுனி மோதிர விரலுக்கு வந்தது, சுண்டு விரலுக்கு வந்தது, உள்ளங்கை ஓரமாக இறங்கியது, முழங்கைப் பக்கம் வெளிறியிருந்த ஒரு தேமலின் நடுவில் அழுத்தி நின்றது.

கங்காதரன் கண்ணை மூடியபடியே சிரித்த முகமாகக் காத்திருந்தார்.

"தொடுங்க டாக்டரம்மா. எப்பத் தொடுவீங்க?"

சரசா பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்காகப் பட்ட பயமெல்லாம் அவளுக்கு அப்போது ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். இன்னும் ஒரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும், சரசா பயந்த அந்த நோய் இவருக்குத்தான் இருப்பதாகத் தெரிகிறது என்றார். மாத்திரை இலவசம், ஒழுங்காகச் சாப்பிட்டால் நோய் போய்விடும். மாத்திரை ஆரம்பித்துவிட்டால் அடுத்தவர்களுக்குப் பரவாது, தனித் தட்டும் தனிப் பாயும் தேவையே இல்லை. சரசாவையும் குழந்தையையும் ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிடலாம். மரத்துப் போன விரலில் உணர்ச்சி திரும்புமா என்பதை மட்டும் போகப் போகத்தான் சொல்ல முடியும். கங்காதரன் தன் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இரும்புக் கைன்னாங்க, டாக்டரம்மா" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் நேராக ஜன்னல் பக்கம் போய் அந்தத் தனி டம்ளரை எடுத்தார். சரசா அதைப் பிடுங்கிப் பாத்திரத்தோடு பாத்திரமாகக் கழுவிப் போட்டாள். டீ போட்டாள். அவர் பழக்கத்தில் சட்டென்று கிளாஸை எடுக்கப் போக, அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வெடித்த விரலால் கிளாஸைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. வெடிப்புக்குள் சுருக்கென்று ஏறியது.

"இன்னும் சூடு கீதுய்யா. நான் சொன்னப்பறம் எடு."

அவள் இப்போது சின்ன அளவுக் கையுறை கேட்டுச் சூப்பர்வைசரோடு சண்டை போட்டு வாங்கிவிட்டாள். வாசலைன் தடவாமல் படுப்பதில்லை. பவ்யாவின் சடை இரண்டும் ஒரே உயரத்தில் தொங்குகின்றன. கையுறையும் களிம்புமாக இவ்வளவு பவிசா என்று வேம்புலி கிண்டல் செய்தபோது, சரசா சிரிக்கவில்லை.

"எங்க ஊட்ல அடுப்பாண்ட நிக்கறதுல சூடு தெரியற கை இது ஒண்ணுதான்டா" என்றாள். "இத்தயும் உட்டுட்டா நாங்க எங்க போவோம்?"