அண்ணன் எழுதின விளம்பரம்

எங்க அண்ணன் குமரவேலுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னா காது சிவந்து காட்டிக் குடுத்துரும். அவனுக்கு வாய்ச்ச வேலையப் பாருங்க! தொண்ணூத்தேழுல, ஜங்ஷன்ல ஒரு திருமணத் தகவல் நிலையத்துல விளம்பரம் எழுதுத வேலை. ‘ஒவ்வொரு வரனும் நேரில் விசாரித்து உறுதி செய்யப்பட்டது. கம்ப்யூட்டர் பொருத்தம்.’ முதலாளி சொல்ல, இவன் எழுதினது. நேர்ல எவன் போனான்? தபால்ல வந்தத அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்துவாங்க, அவ்வளவுதான்.

எங்க அப்பா நமச்சிவாயம், சொந்தத்துல யாருக்கு மாப்பிள்ளை பாத்தாலும் விசாரிக்கப் போற ஆளு. மாப்பிள்ளை வீட்டுத் தெருவுல பலசரக்குக் கடைக்குப் போயி ஒரு சோப்பு வாங்குவார். அப்படியே பேச்சுக் குடுத்து, அந்தக் குடும்பத்தோட வண்டவாளம் அத்தனையும் கேட்டுட்டு வந்துருவார். அந்த மனுசர் எனக்குன்னு வரும்போது கால ஆட்டிக்கிட்டு உக்காந்துட்டார். “நம்ம குமாரு ஆபீஸே விசாரிச்சிருக்கு, நான் வேற எதுக்கு?” மாப்பிள்ளைக்கு அம்பாசமுத்திரம், பம்பாய்ல இன்ஜினியர். நிச்சயத்துக்கு நாளும் குறிச்சாச்சு.

அண்ணனுக்குச் சோறு இறங்கல. சொன்னா வேலை போகும், அப்பா மொகத்துல முழிக்க முடியாது. சொல்லலைன்னா என் வாழ்க்கை போகும். எனக்கோ ஒண்ணும் தெரியாது. பட்டுச்சேலை என்ன நெறத்துல எடுக்கன்னு அவனப் போட்டுப் படுத்தினேன், பாவம்!

நிச்சயத்துக்கு மூணு நாள் முந்தி அம்பாசமுத்திரம் பஸ் ஏறிட்டான். அப்பா மாதிரியே கடையில சோப்பு கேட்டிருக்கான். கடைக்காரர் சோப்ப எடுத்து வச்சுட்டு, “அந்தப் பையனுக்கு பம்பாய்ல பொண்டாட்டி இருக்கால்லா வே? வீட்டுல ஏத்துக்கல”ன்னுட்டார்.

வந்து சொன்னா, அப்பா நம்பணுமே! சட்டைப் பையில மடிச்சு வச்சிருந்த விளம்பரத்த எடுத்து நீட்டினார். “எவனோ பொறாமையில சொல்லுதாம்லே. இதுல அச்சடிச்சிருக்கு பாரு.” கடைக்காரர் பேச்சயே நம்பி எத்தன கல்யாணத்த நிறுத்தின மனுசர்!

“அத எழுதினதே நாந்தாம்ப்பா. யாரும் போயி விசாரிக்கல.”

அப்பா அவன் காதத்தான் பாத்தார். சிவக்கல.

நிச்சயம் நின்னுது. எனக்கு அழுகையும் வந்துது, போன உசிரும் வந்துது. அப்பா திட்டுவார்னு பாத்தா, அந்தத் தாள மெதுவா மடிச்சுக்கிட்டே கேட்டார்.

“உன் தங்கச்சிக்கு நீ பஸ் ஏறிட்டே. இதப் படிச்சுட்டு வந்த மத்த பிள்ளைகளுக்கு யாருலே ஏறுவா?”

அண்ணன் நாலு வாரத்து விளம்பரத்தையும் சேத்து முன்னாடியே பேப்பருக்கு எழுதிக் குடுத்திருந்தான். ஞாயித்துக்கிழமை பேப்பர்ல அதே வரி திரும்பவும் வந்துது.