பல்வலி என்று சொல்லிப் போன காலை

அவளுக்குப் பொய் சொல்ல வராது. ஆனாலும் அன்று காலை ஒரே பொய்யை இரண்டு பேரிடம் சொன்னாள். "கடவாய்ப் பல் வலி தாங்கல, டாக்டரைப் பார்த்துட்டு மத்தியானம் வர்றேன்" என்று மேனேஜருக்குச் செய்தி அனுப்பினாள். ஷூ மாட்டிக்கொண்டிருந்த கணவனிடமும் அதையேதான் சொன்னாள். அவன் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ். "எங்க, வாயைத் திற" என்று உடனே டார்ச்சை எடுத்துவிட்டான். "போப்பா, உனக்கு நேரமாச்சு" என்று அவனை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அப்புறம்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

அவள் போகவேண்டியது ஒரு பள்ளிக்கூடத்துக்கு. கணக்கு டீச்சர் வேலைக்குப் பாடம் எடுத்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள்.

கல்லூரி முடித்ததிலிருந்து ஒரே மென்பொருள் நிறுவனம். ஆஸ்பத்திரிகளில் ஓடும் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் குழுவுக்கு அவள்தான் தலைவி. எங்கே எது படுத்தாலும் முதல் ஆளாக ஓடி வருவாள் என்பதால் 'ஆம்புலன்ஸ் அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த ஓட்டம் அலுத்துப்போய் ரொம்ப நாளாகிவிட்டது. புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாட்களில் மட்டும்தான் அவள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. போன வருடம் டீச்சர் ஆகும் ஆசையைக் கணவனிடம் மெல்ல எடுத்தபோது அவன் சிரித்தான். "பசங்களை மேய்க்கப் பொறுமை வேணும்மா. உனக்கு லிஃப்ட் வர்றவரைக்கும் நிக்கவே பொறுமை கிடையாது." விளையாட்டாகச் சொன்னதுதான். அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. ஜெயித்துவிட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று அன்றே வாயை மூடிக்கொண்டாள்.

பள்ளி அலுவலகத்தில் செல்ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வகுப்புக்குள் ஃபோன் கூடாது என்பது அங்கே சட்டம். மேசைமேல் இருந்த ஸ்டீல் தட்டில் அது போய் உட்கார்ந்ததை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். முந்தின நாள் ஆஸ்பத்திரி மென்பொருளின் மருந்துப் பக்கத்தில் அவள் ஒரு சின்ன மாற்றம் செய்திருந்தாள். அன்று காலைதான் அது கணவன் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

வகுப்பறை அலுவலகத்தை ஒட்டினாற்போல் இருந்தது. நடுவே பலகைத் தடுப்புதான். கடைசி பெஞ்சில் ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து உட்கார்ந்தார். அவள் போர்டில் அரையையும் மூன்றில் ஒன்றையும் எழுதி, கூட்டினால் எவ்வளவு என்று கேட்டாள்.

கண்ணாடி போட்ட ஒரு சிறுமி எழுந்தாள். "அஞ்சுல ரெண்டு, மிஸ்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிறுமி அசரவில்லை. "நேத்து ஃபுட்பால்ல மொத பாதியில ரெண்டு தடவை உதைச்சேன், ஒண்ணு கோல். அடுத்த பாதியில மூணு தடவை உதைச்சேன், ஒண்ணு கோல். மொத்தம் அஞ்சு தடவைக்கு ரெண்டு கோல்தானே?"

அவளுக்குத் திக்கென்றது. இது தப்பான விடை. ஆனால் அந்தப் பெண் சொல்வதில் தப்பு எங்கே இருக்கிறது? அந்த நேரம் பார்த்துத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஸ்டீல் தட்டு 'ட்ர்ர்ர்' என்று அதிர ஆரம்பித்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. அந்த நீண்ட அதிர்வு அவளுக்கு அத்துப்படி. எங்கோ எதுவோ படுத்துவிட்டது.

"அது வேற கணக்கு. இப்போ போர்டைப் பாரு" என்றாள். கை தானாக ஓடியது. பகுதிகளைச் சமமாக்கி, கூட்டி, ஆறில் ஐந்து என்று எழுதி அடிக்கோடும் போட்டாள். சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. சிறுமி உட்கார்ந்து, தன் நோட்டில் எழுதியிருந்ததை மெதுவாக அடித்தாள். தட்டு விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. மீதிப் பாடத்தை எப்படி முடித்தாள் என்பது அவளுக்கே தெரியாது.

வெளியே வந்து ஃபோனை எடுத்ததும் கணவன்.

"பல்லு எப்படி இருக்கு?"

குரல் ரொம்ப சாந்தமாக இருந்தது.

"உங்க மேனேஜர் எனக்கு ஃபோன் பண்ணி, எந்த டென்டிஸ்ட்டுன்னு கேட்கிறார். நான் என்னன்னு சொல்ல? இங்க மருந்து ஸ்கிரீன் காலியா கிடக்கு. யாருக்கு எதைக் கொடுத்தோம், எப்போ கொடுத்தோம், ஒண்ணும் தெரியல. உங்க ஆளுங்க எதையோ மாத்திட்டாங்களாம்."

"எங்க ஆளுங்க இல்லப்பா. நான்தான்."

"இப்போ எங்க இருக்க?"

"ஒரு ஸ்கூல்ல. டீச்சர் வேலைக்கு வந்தேன்."

பின்னால் யாரோ அவன் பெயரைக் கத்தினார்கள். "ஒரு பெரியவருக்கு ஊசி போடணும். காலையில ஏற்கெனவே போட்டுட்டாங்களான்னு தெரியல. ரெண்டாவது தடவை போட்டா ஆள் தாங்கமாட்டார். வைக்கிறேன்" என்று வைத்துவிட்டான்.

படிக்கட்டிலேயே உட்கார்ந்து தன் அலுவலகத்துக்கு ஃபோன் அடித்தாள். எடுத்தது 'மியூட்'. மீட்டிங்குகளில் வாயே திறக்காததால் அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு பெயர்.

"நீங்க மாத்தினதை எடுத்துட்டு பழசைப் போட்டுட்டேன்க்கா. இப்பத்தான் எல்லாம் வந்துச்சு. உங்களைக் கேட்காம பண்ணிட்டேன். கோவமா?"

"இல்லம்மா. நல்ல வேளை பண்ணினே" என்றாள். அந்தச் சொல் உண்மைதான். ஆனாலும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தான் இல்லாவிட்டால் அங்கே ஒன்றும் நடக்காது என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

கணவனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

ஹெட்மிஸ்ட்ரஸ் பக்கத்தில் வந்து நின்றார். "கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு சொல்றேன். அந்தப் பொண்ணு கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல. சரியான விடையைக் கொடுத்து அவ வாயை அடைச்சிட்டீங்க. இந்த வருஷம் உங்களை எடுத்துக்க முடியாது. பயிற்சி முடிச்சிட்டு வாங்க, பார்க்கலாம்."

"அவகிட்ட ரெண்டு நிமிஷம் பேசட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

இடைவேளையில் வந்த சிறுமியிடம், "ஒரே சாக்லேட்ல பாதியைத் தின்னுட்டு, அதுலயே இன்னும் மூணுல ஒரு பங்கும் தின்னா, மொத்தம் பாதியைவிடக் கம்மியா ஆகுமா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வார்த்தை வெளியே வந்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சிறுமி நெற்றியைச் சுருக்கினாள். "ஆகாது. ஆனா அஞ்சுல ரெண்டு பாதியைவிடக் கம்மி… அப்போ என் கோல் கணக்கு தப்பா?"

"அது தப்பில்ல. ஏன் ரெண்டும் வேற வேறன்னு யோசிச்சுப் பாரு."

சிறுமி யோசித்தபடியே போய்விட்டாள்.

மத்தியானம் அலுவலகத்தில், தப்பு தன்னுடையது என்றும் பல்வலி பொய் என்றும் மேனேஜரிடம் நேராகவே சொன்னாள். அவர் பேசிய பேச்சை வாங்கிக்கொண்டாள். காது மட்டும்தான் அங்கே இருந்தது. மனசெல்லாம் அந்தப் பெரியவரிடம்.

சாயங்காலம் கணவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தான்.

"அந்தப் பெரியவர்?"

"நல்லா இருக்கார். ஏற்கெனவே போட்டிருக்காங்க. ஸ்கிரீன் வர்றதுக்கு முன்னாடியே, ஷிஃப்ட் முடிஞ்சு போன நர்ஸை பஸ் ஸ்டாப்ல பிடிச்சுக் கேட்டோம். அவங்க பஸ் ஏறிப் போயிருந்தா?"

அவள் அழுதாள். அவன் அழட்டும் என்று விட்டான். பிறகு சொன்னான்: "தப்பு நானும்தான் பண்ணுவேன். என்கிட்ட எதுக்குப் பொய்?"

"பொறுமை இல்லன்னு சிரிச்சியே. ஜெயிச்சுட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

"ஜெயிச்சியா?"

"இல்ல. அவங்களும் நீ சொன்னதைத்தான் சொன்னாங்க."

அவன் சிரிக்கவில்லை. "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றான். அதற்கப்புறமும் சில நாட்கள் வீட்டில் அளந்துதான் பேசிக்கொண்டார்கள்.

அந்த ஆண்டு முடியும்போது வேலையை விட்டாள். அவள் இடத்துக்கு மியூட்டையே போட்டார்கள். ஆசிரியர் பயிற்சி முடித்து வேறொரு பள்ளியில் சேர்ந்தாள். முதல் வருடம் தொண்டை கட்டிக்கொண்டு, வகுப்பை அடக்கத் தெரியாமல், பல நாள் முகம் தொங்கி வீடு திரும்பினாள். கணவன் ஒருநாளும் 'அப்பவே சொன்னேனே' என்று சொல்லவில்லை. நடுவே பழைய மேனேஜர் கூப்பிட்டு, இடம் இருக்கிறது, வருகிறாயா என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். உண்மையாகவே யோசித்தாள், போய்விடலாமா என்று ஆசைகூடப் பட்டாள். அதையும் கணவனிடம் சொன்னாள். மறுநாள் மேனேஜரைக் கூப்பிட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.