மீன் தலை போட்ட குழி

மீளக்குடியேறிப் பாப்பாமோட்டைக்கு வந்த வருடம் அது. நாளெல்லாம் காணி துப்புரவாக்கிய களைப்பில், பசளைக் குழிக்குள் மரக்கறித் தோலோடு மீன் தலையையும் போட்டு, மூடாமல் விட்டேன். எலிகள் வந்தன.

ஒருநாள் பக்கத்துக் காணி மலர் அக்கா, முதல் விதைப்புக்கு வைத்திருந்த விதைநெல் சாக்கைத் திறந்து காட்டினார். பாதிக்குப் பாதி உமி.

"எங்கயிருந்துதான் வருகுதுகளோ அக்கா?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பின்னேரம் கம்பிவலையும் சாம்பலும் கொண்டுவந்தார்.

"குழியை வலையால மூடுங்கோ. தோலுக்கு மேல சாம்பலைத் தூவுங்கோ. மீன் தலையை மட்டும் போடாதேங்கோ."

குழிக்குள் மீன் தலை போட்டதை நான் அவருக்குச் சொல்லியிருக்கவே இல்லை.

அந்தப் போகம் அவருடைய வயலில் பாதி வெறுமையாகக் கிடந்தது. குழியில் உக்கிய முதல் சாக்குப் பசளையை அவருக்கே கொடுத்தேன். மன்னிப்பு மட்டும் இன்னும் கேட்கவில்லை.